ஆப்பும் ஜாக்கியும்: பெருமரம் தறிப்போர் போடும் கணக்கு

பஞ்சதந்திரத்திலே வரும் ஆப்பிழுத்த குரங்கின் கதையை அறியாத தமிழ்ப் பிள்ளைகள் இரார். தச்சர்கள் பாதி பிளந்து, பிளவிலே ஆப்பை இறுக்கிவிட்டு உண்ணப் போயிருந்த மரத்தின்மேல் ஒரு குரங்கு ஏறி அமர்ந்தது. சும்மா இராமல் அந்த ஆப்பைப் பிடித்து அசைத்து அசைத்துப் பிடுங்கிற்று. விரிந்து நின்ற மரம் சட்டென மூடிக்கொள்ள, பிளவினுள் அகப்பட்டு உயிரை விட்டது. வேண்டாத வேலையில் தலையிடுவோருக்கு இக்கதையை எடுத்துக்காட்டாகச் சொல்வது நம்மவர் வழக்கம். ஆனால் மரம் தறிப்பதையே தொழிலாகக் கொண்ட ஒருவர் இக்கதையிலே வேறொன்றைக் காண்பார். ஆப்பு என்பது பிளவிலே சும்மா கிடக்கும் துண்டன்று. கண்ணுக்குப் புலப்படாத பெருவிசை ஒன்றைத் தன் மெல்லிய உடலாலே தடுத்துக்கொண்டு அது நிற்கிறது. அதனை உணராது அதனருகே உட்கார்ந்ததே குரங்கு செய்த பிழை.

கைக்கடங்கிய மரமாயின் இத்தகைய எண்ணமெல்லாம் வேண்டியதில்லை. ஒரு பக்கம் கோடரியால் வெட்டி, மறுபக்கம் வாளைச் செலுத்தி, தோளால் ஓர் உந்து உந்தினால் அது விழுந்துவிடும். நாலு முழம் சுற்றளவும் நூறு அடிக்கு மேற்பட்ட உயரமும் உள்ள மரத்தை எவர் தோளால் உந்துவது? அங்கேதான் இரண்டு எளிய கருவிகள் வேலைக்கு வருகின்றன. ஒன்று, உலகத்தின் மிகப் பழைய கருவிகளுள் ஒன்றாகிய ஆப்பு. மற்றையது, மோட்டார் வண்டியின் சில்லைக் கழற்றும்போது கீழே வைத்து உயர்த்துகிறோமே, அந்த ஜாக்கி. இவற்றைக் கொண்டு பல தொன் நிறையுள்ள மரத்தை அது சாய மறுக்கும் திசையிலே சாய்த்துவிடலாம். இவற்றின் இயல்பை அறியாமற் கையாண்டால் அதே மரம் தறிப்பவன் தலையிலே வந்து விழும்.

மரத்தை அடியோடு அறுத்துவிட்டால் அது தானே விழுந்துவிடும் என்றுதான் நம்மிற் பலர் நினைக்கிறோம். அவ்வாறன்று என்பதற்கு 1853ஆம் ஆண்டிலே நிகழ்ந்த ஒரு வரலாறு உண்டு. ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்ணியா மாநிலத்திலே கலவராஸ் என்னும் மலைக்காட்டில், அதற்கு முந்திய ஆண்டு, ஓகஸ்டஸ் டவுட் என்னும் வேட்டைக்காரர் காயம்பட்ட கரடியொன்றைத் தொடர்ந்து சென்று, அதுவரை கேள்விப்பட்டிராத பெருமரங்கள் நிறைந்த தோப்பைக் கண்டார். அவையே செக்கோயா என்னும் இராட்சத மரங்கள். அவற்றுள் அவர் முதலிற் கண்ட மரத்தைத் தறித்துக் காட்சிப்பொருளாக்கிப் பணம் திரட்டச் சிலர் முனைந்தனர். அடிமரத்தின் குறுக்களவு ஏறக்குறைய 25 அடி. அதனை அறுக்கத்தக்க நீளமான வாள் எவரிடமும் இருக்கவில்லை. ஆகவே, நீரிறைக்கும் மரக்குழாய்களைக் குடைவதற்கு அக்காலத்திற் பயன்பட்ட நீண்ட துறப்பணங்களைக் கொண்டு, ஐந்து பேர் மரத்தைச் சுற்றிலும் அடுத்தடுத்துத் துளையிட்டனர். நாள்கள் பல கழிந்தன. அடிமரம் முற்றாகத் துண்டிக்கப்பட்டது. ஆயினும் மரம் அசையவில்லை! தன் குற்றியின்மேல், மேசைமேல் வைத்த செம்பைப்போல், நிமிர்ந்து நின்றது. பின்னர் ஒரு பக்கத்திலே ஆப்புகளைச் செருகி, மரக்குற்றிகளைத் தூக்கி அவற்றால் மோதி மோதி உள்ளே ஏற்றினர். மொத்த வேலை 22 நாள். அதில் இரண்டரை நாள் இந்த ஆப்பு வேலைக்கே சென்றதென அக்காலத்தில் எழுதிவைத்திருக்கிறார்கள். ஈற்றில் மரம் நடுங்கிச் சாய்ந்தது. அதன் குற்றியைச் சமப்படுத்தி அதன்மேல் மக்கள் நடனமாடினார்களாம். ஆயிரம் ஆண்டுக்கு மேல் வாழ்ந்த மரத்தை வேடிக்கைக்காக வீழ்த்தியது அன்றே பலர் நெஞ்சை உறுத்திற்று. 1931இல் அத்தோப்பு மாநிலப் பூங்காவாயிற்று. அந்தக் குற்றியை இன்றும் அங்கே காணலாம்.

அம்மரம் விழ மறுத்ததன் காரணம் மாணவர்களுக்கு விளங்கும். ஒரு பொருளின் புவியீர்ப்பு மையத்திலிருந்து கீழே விடும் நிலைக்குத்துக் கோடு அதன் அடித்தளத்தினுள் விழும்வரை அப்பொருள் சாயாது. 25 அடி அகலமான அடித்தளத்தின் நடுவிலே நிறை அமர்ந்திருந்தது. அது ஏன் சாயவேண்டும்? அறுப்பது வேறு, வீழ்த்துவது வேறு. கலவராஸ் மனிதர்கள் செய்தது போன்று மரத்தை முற்றாகத் துண்டித்துவிட்டுப் பின்னர் சாய்க்க முயல்வதை இன்று எந்தத் தேர்ந்த தொழிலாளியும் செய்யமாட்டார். துண்டிக்கப்பட்டு நிற்கும் மரம் சுக்கான் அற்ற தோணி. எப்பக்கம் திரும்பும் என்பதைக் காற்றுத்தான் தீர்மானிக்கும்.

சுக்கானாவது எது? அதுதான் பிணைச்சல். கதவு எந்தப் பக்கம் திறக்கவேண்டும் என்பதை நிலையிலுள்ள பிணைச்சல் தீர்மானிப்பதுபோல, மரம் எந்தத் திசையில் விழவேண்டும் என்பதை அறுக்காது விடப்படும் ஒரு பட்டை மரம் தீர்மானிக்கிறது. முதலில், மரம் விழவேண்டிய பக்கத்திலே, அடிமரத்தின் குறுக்களவில் நாலிலொரு பங்கு ஆழத்துக்கு, வாய் திறந்தாற் போன்ற வெட்டு ஒன்றை வெட்டி அந்தத் துண்டை எடுத்துவிடுவார்கள். இது முன்வெட்டு. பிறகு எதிர்ப்பக்கத்திலிருந்து வாளைக் கிடையாகச் செலுத்துவார்கள். இது பின்வெட்டு. இரண்டும் ஒன்றையொன்று எட்டுவதற்கு முன்பாகவே வாளை நிறுத்திவிட வேண்டும். இடையிலே, குறுக்களவில் ஏறக்குறையப் பத்திலொரு பங்கு தடிப்பில், ஒரு சீரான பட்டை எஞ்சி நிற்கும். மரம் சாயும்போது அப்பட்டை வளைந்து கொடுத்து, மரத்தைப் பிடித்தபடியே தரைக்கு இட்டுச் செல்லும். முன்வெட்டின் வாய் மூடும்போதுதான் அது முறியும். பின்வெட்டு முன்வெட்டின் மூலையைவிடச் சற்று உயரத்தில் இருப்பதும் வழக்கம். அந்தப் படி, மரம் குற்றியிலிருந்து பின்னோக்கிச் சறுக்காமற் காக்கிறது.

ஆப்பும் ஜாக்கியும் மரத்துக்குத் திசை காட்டுவதில்லை. திசை காட்டுவது பிணைச்சல். இவ்விரு கருவிகளும் அதனைச் சுற்றி மரத்தை நிமிர்த்துகின்றன, அவ்வளவுதான். இதனை மறந்தவர்களே பெரும்பாலும் விபத்துக்கு ஆளாகிறார்கள்.

இப்போது ஒரு கணக்கைப் பார்ப்போம். குறுக்களவு 4 அடியும் உயரம் 150 அடியும் உள்ள ஊசியிலை மரம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். முன்வெட்டுக்கு 1 அடி போக, பிணைச்சலுக்கும் சிறிது போக, பிணைச்சலிலிருந்து பின்பக்கப் பட்டை வரையுள்ள தூரம் ஏறக்குறைய 30 அங்குலம். பின்பக்கத்திலே ஆப்பை அறைந்து மரத்தை 1 அங்குலம் உயர்த்தினால், உச்சி எவ்வளவு நகரும்? 150 அடியை 30ஆற் பிரிக்க, 5 அடி! அடியிலே விரற்கடை உயர்வு, முடியிலே ஓர் ஆள் உயரமான நகர்வு. ஆப்பின் ஆற்றல் இந்தப் பெருக்கத்திலேதான் இருக்கிறது. அதன் ஆபத்தும் அங்கேயே இருக்கிறது. ஆப்பு அரை அங்குலம் வழுக்கி வெளியே வந்தால், உச்சி இரண்டரை அடி பின்னே வந்துவிடும்.

நேராக நிற்கும் மரங்கூடப் பின்னோக்கிச் சாயவே விரும்பும் என்பது பலர் கவனியாத உண்மை. பிணைச்சல் இருப்பது மரத்தின் நடுவில் அன்று. நடுவுக்கு ஓர் அடி முன்னே. ஆகவே நேரான மரத்தின் நிறையும் பிணைச்சலுக்குப் பின்னேயே விழுகிறது. பின்வெட்டு ஆழமாக ஆக, மரம் மெல்லப் பின்னே உட்கார்ந்து வாளைக் கவ்விக்கொள்ளும். கவ்விய பின்னர் ஆப்பைத் தேடி ஓடுவது வீண். வாள் உள்ளே சென்று, அதன் பின்னால் ஆப்பு நுழைவதற்கு இடம் கிடைத்த அந்தக் கணமே முதலாவது ஆப்பு செருகப்பட வேண்டும். பின்னர் சிறிது அறுப்பு, சிறிது அறைவு என்று மாறி மாறிச் செல்லவேண்டும். பெரிய மரத்துக்கு இரண்டு, மூன்று ஆப்புகளைப் பக்கம் பக்கமாக வைத்து ஒன்றன்பின் ஒன்றாக அறைவார்கள். ஒன்றையே முழுவதும் ஏற்றிவிட்டு மற்றையதைத் தொடுவது நன்றன்று. மரம் அப்பக்கமாகத் திருகிக்கொள்ளும்.

ஆப்பு எதனாற் செய்யப்பட்டது என்பதும் சின்ன விடயமன்று. இருவர் எதிரெதிர் நின்று இழுக்கும் நெடுவாளின் காலத்தில் இரும்பு ஆப்பே எங்கும் வழங்கிற்று. இன்று சங்கிலி வாள் வந்தபின் காட்டிலே பிளாஸ்டிக், அலுமினியம், மக்னீசியம் ஆகியவற்றாலான ஆப்புகளே பெரிதும் கையாளப்படுகின்றன. நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்று ஓடும் இயந்திரத்தின் சங்கிலிப் பல் இரும்பைத் தொட்டால், பல் சிதறும். சங்கிலியே அறுந்து பாயவுங்கூடும். பழைய ஆப்புகளுக்கு இன்னொரு குற்றமும் உண்டு. அறைந்து அறைந்து தலை காளான்போல் விரிந்துவிடும். அந்த விளிம்பிலிருந்து தெறிக்கும் சில்லு கண்ணைக் கெடுக்கும். அதனை அரத்தாலோ சாணைக்கல்லாலோ தேய்த்து நீக்காமல் மறுநாள் வேலைக்கு எடுக்கலாகாது. சாறு மிகுந்த பச்சை மரத்திலும், குளிர்நாடுகளிலே உறைந்துபோன மரத்திலும் ஆப்பு நிலைகொள்ளாது வெளியே துள்ளும். அதற்குப் பழந்தொழிலாளர் கண்ட மருந்து ஒரு பிடி மண். ஆப்பின் முகத்திலே தூவினால் உராய்வு கூடும்.

ஆப்பை அறையும்போது கண் ஆப்பைப் பார்க்கும். ஆனால் ஆபத்து மேலே இருக்கிறது. ஒவ்வோர் அறைவும் அடிமரத்தின் வழியே உச்சிவரை அதிர்ந்து செல்கிறது. அங்கே பட்டுப்போன கொப்போ, முறிந்து கவரிலே தொங்கும் கிளையோ இருந்தால், அந்த அதிர்விலே கழன்று நேர்கீழே வரும். அமெரிக்கக் காட்டுத் தொழிலாளர் அத்தகைய கொப்புக்கு ‘விதவையாக்கி’ என்று பொருள்படும் பெயரை இட்டிருக்கிறார்கள். கசப்பான பெயர், அதனை இட்டவர்கள் கண்டதும் கசப்பானவையே. தேர்ந்தவர்கள் ஓர் அறை, ஒரு பார்வை என்று வேலை செய்வார்கள். தலைக்கவசம் அணிந்திருந்தாலும் இந்த வழக்கத்தை விடமாட்டார்கள்.

ஆப்பாலே ஆகாத இடங்களும் உண்டு. கலிபோர்ணியாவின் கடலோர மலைகளிலே வளரும் ரெட்வூட் மரங்கள் உலகத்திலேயே மிக உயரமானவை. 300 அடிக்கு மேல் வளர்வன. ஆனால் அவற்றின் மரம் எளிதில் நொறுங்கும் தன்மையது. கீழ்ச்சரிவை நோக்கி விழவிட்டால் விழும் தூரம் மிகுந்து, பாறையிலோ பள்ளத்திலோ மோதிப் பல துண்டாகிவிடும். அக்காலத்தவர் அதற்காக மண்ணையும் தழையையும் கொட்டி மரத்துக்கு மெத்தை அமைப்பதுண்டு. சரிவிலே நிற்கும் மரம் பெரும்பாலும் கீழ்ப்பக்கம் சாய்ந்தே வளரும். அதனை மேற்பக்கம் திருப்பி விழச் செய்தால் மரமும் உடையாது, கீழே ஓடும் ஓடையும் பாழாகாது. ஆனால் அதற்கு மரத்தின் முழு விருப்பத்துக்கும் எதிராக அதனை உயர்த்தியாக வேண்டும். ஆப்பை எவ்வளவு அறைந்தாலும் அது நடவாது.

இந்த இடத்திலேதான் ஜாக்கி வருகிறது. ரெட்வூட் காடுகளிலே பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே திருகு ஜாக்கிகளைக் கொண்டு பெருங்குற்றிகளைப் புரட்டி வந்தனர். இன்று மரத்தைச் சாய்க்கப் பயன்படுவது நீரியல் ஜாக்கி. அடைத்த திரவத்தின் ஓரிடத்திற் கொடுத்த அமுக்கம் எங்கும் குறையாது பரவும் என்று பதினேழாம் நூற்றாண்டிலே பஸ்கால் கண்ட தத்துவமும், 1795இல் இங்கிலாந்திலே ஜோசப் பிரமா உரிமம் பெற்ற நீரியல் அமுக்கியுமே அதன் முன்னோர். சிறிய ஆடுதண்டைக் கையால் அமுக்க, பெரிய ஆடுதண்டு பல தொன் விசையுடன் எழும். மரத்துக்கென அமைந்த ஜாக்கி குட்டையானது. பின்வெட்டிலே அதற்கென அறுத்தெடுத்த மாடத்தினுள் பொருந்துவது. பம்பியையும் அதனையும் ஒரு குழாய் இணைப்பதால், இயக்குபவர் மரத்தை விட்டுச் சற்று ஒதுங்கி நிற்க முடிகிறது. இது பெரிய நன்மை.

நமது 150 அடி மரத்துக்கே மீண்டும் வருவோம். அதன் பச்சை நிறையை ஏறக்குறைய 14 தொன் என்று கொள்ளலாம். உச்சி 10 அடி பின்னே சாய்ந்திருப்பதாக வைத்துக்கொண்டால், நிறையின் மையம் பிணைச்சலுக்கு 4 அடி பின்னே விழும். மரம் பின்னே விழத் தேடும் திருப்பம் 14ஐ 4ஆற் பெருக்க 56. ஜாக்கியைப் பிணைச்சலிலிருந்து 2 அடி தூரத்தில் வைத்தால், அதைச் சமன் செய்ய 28 தொன் விசை வேண்டும். மரத்தின் நிறையோ 14 தொன்தான். ஜாக்கி தள்ளுவது 28. மிகுந்த 14 தொன் எங்கே போகிறது? அது பிணைச்சலை மேல்நோக்கி இழுக்கிறது. அதாவது, மரத்தைக் குற்றியிலிருந்து பிடுங்கி எறிய முயல்கிறது!

இதைக் கேட்டு ஒருவர், ஜாக்கியின் வலிமை கூடக்கூட நன்மைதானே என்று எண்ணுவாரானால், அவர் அந்த மரத்தின் பக்கமே போகாதிருப்பது நல்லது. நிறையின் மையம் பிணைச்சலுக்கும் ஜாக்கிக்கும் இடையே விழும்வரை பிணைச்சல் அமுக்கப்படுகிறது. அமுக்கத்தை அது நன்றாகத் தாங்கும். மையம் ஜாக்கிக்கு அப்பால் விழுந்துவிட்டாலோ பிணைச்சல் இழுபடுகிறது. அது கிழிந்தால் மரத்தைத் தடுக்க உலகில் எதுவுமில்லை. ஆகவே அவ்வளவு சாய்ந்த மரத்துக்கு ஜாக்கியை மட்டும் நம்பாது, உயரத்திலே வடம் கட்டி முன்னே இழுப்பார்கள். அதே மரத்தை 75 அடி உயரத்திற் கட்டிக் கிடையாக இழுக்க முக்கால் தொன் விசையே போதும். நெம்பு நீளமாக இருப்பதன் பயன் அது. 28 தொன்னுக்கும் முக்கால் தொன்னுக்கும் உள்ள வேறுபாட்டை மாணவர்கள் ஒருமுறை தாளிலே கணித்துப் பார்க்கலாம்.

ஒரு பக்கமாகச் சாய்ந்த மரம் இன்னும் சங்கடமானது. ஜாக்கி முன்பின் சாய்வைத் திருத்துமேயன்றிப் பக்கச் சாய்வைத் திருத்தாது. பக்கச் சாய்வைத் தாங்குவது பிணைச்சலின் நீளம் ஒன்றே.

ஜாக்கியை வைக்கும் இடமும் ஆராயத்தக்கது. 6 அங்குலக் குறுக்களவுள்ள அடித்தட்டின் பரப்பு 28 சதுர அங்குலம். ஒரே ஜாக்கி 28 தொன்னைத் தாங்கினால், ஒவ்வொரு சதுர அங்குலத்தின்மேலும் 1 தொன் அழுத்தம் விழும். நல்ல வைரமான மரம் நாரின் நீளப்போக்கிலே அதனைத் தாங்கும். உள்ளே உக்கிய மரம் தாங்குமா? ஜாக்கி எழுவதற்குப் பதிலாகக் குற்றியினுள் புதையும். பார்ப்பவருக்கோ மரம் உயர்வது போலவே தோன்றும். இதனாலேதான் முன்வெட்டை வெட்டும்போது வாளிலிருந்து கொட்டும் தூளைத் தொழிலாளர் கையிலெடுத்துப் பார்க்கிறார்கள். வெளிறிய, சரசரப்பான தூள் நல்ல மரத்தின் அடையாளம். கறுத்து மாவாகக் கொட்டினால் உள்ளே நோய் இருக்கிறது. அத்தகைய மரத்திலே ஜாக்கி வைக்கலாகாது. நல்ல மரத்திலும் ஜாக்கியின் மேலும் கீழும் தடித்த உருக்குத் தகடு வைத்துப் பாரத்தைப் பரப்பவேண்டும். பட்டையை ஒட்டி விளிம்பிலே வைத்தால் மரம் சிராயாகப் பிளந்து வெளியே தள்ளப்படும்; ஆகையாற் சற்று உள்ளே வைக்கவேண்டும். 28 தொன்னை ஒரே ஜாக்கியின் தலையிற் சுமத்தாது இரண்டாகப் பங்கிட்டு வைப்பதும் அறிவுடைமை.

இனி, இக்கட்டுரையை எழுதத் தூண்டிய விதியைச் சொல்லலாம். ஜாக்கி உயர்த்திய ஒவ்வொரு சிறு உயர்வுக்கும் பின்னே ஆப்பு செல்லவேண்டும். பம்பியை நாலு முறை அடித்தால், எழுந்த இடைவெளியிலே ஆப்பை விரலால் தள்ளி, ஒரு தட்டுத் தட்டி இறுக்கவேண்டும். மீண்டும் பம்பி, மீண்டும் ஆப்பு. இது ஏன்? ஜாக்கி வலிமை மிக்கது. ஆனால் அதன் வலிமை முழுவதும் ஒரு தோல் அல்லது இறப்பர் வளையத்தை நம்பி நிற்கிறது. அவ்வளையம் கிழிந்தாலோ, குழாய் வெடித்தாலோ, தகடு வழுக்கினாலோ, 28 தொன்னும் ஒரு நொடியிலே இல்லையாகும். அந்த நொடியில் மரம் பின்னோக்கித் திரும்பும். ஆப்புக்கு வளையமில்லை, எண்ணெயில்லை, குழாயில்லை. அது உயர்த்துவதில் மந்தமானது. பெற்ற உயரத்தை விடாது காப்பதிலே அதற்கு நிகரில்லை. வேகம் வேண்டுமென்று ஆப்பை மறந்து பம்பியை மட்டும் அடிப்பவன், பஞ்சதந்திரக் குரங்கு உட்கார்ந்த அதே பிளவிலே உட்கார்ந்திருக்கிறான்.

பம்பியோடு இணைந்த அமுக்கமானியையும் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். மரம் நிமிர நிமிரச் சுமை குறையும். ஆகவே ஊசியும் மெல்ல இறங்கவேண்டும். பம்பியை அடிக்க அடிக்க ஊசி ஏறுகிறது, மரமோ அசையவில்லை என்றால், பிணைச்சல் தடிப்பாக இருக்கிறதென்று பொருள். அப்போதும் பலவந்தமாக அடித்தால் அடிமரம் நாரின் வழியே நெடுகப் பிளந்து, பின்பாதி துள்ளி எழும். துள்ளும் அந்தப் பாதி, குற்றிக்குப் பின்னே நிற்பவரைத் தப்பவிடுவது அரிது. பம்பியை நிறுத்தி, ஆப்புகளை இறுக்கி, பிணைச்சலை இருபுறமும் சீராகச் சிறிது அறுத்துப் பின்னர் தொடரவேண்டும். ஊசி தானாகவே இறங்குகிறது, மரமும் முன்னே போகவில்லை என்றாலோ, எண்ணெய் கசிகிறது. அல்லது ஜாக்கி மரத்தினுள் புதைகிறது. இரண்டும் கெட்ட செய்தியே.

மரம் போகத் தொடங்கியதும் கருவிகளைக் காக்க நினைப்பது மனித இயல்பு. ஜாக்கி விலையுயர்ந்தது, வாளும் அப்படியே. அவற்றை விட்டுவிட்டுப் போகவேண்டும். போகும் வழியை வெட்டுத் தொடங்குமுன்னரே செடிகொடி நீக்கி ஆயத்தம் செய்திருக்க வேண்டும். அவ்வழி மரம் விழும் திசைக்கு நேர் எதிரேயும் இருத்தல் கூடாது. பின்னே, பக்கவாட்டிலே மூலைபாய்ந்து செல்லவேண்டும். நேர் பின்னே நின்றால் அடிமரம் சறுக்கி வந்து மோதலாம். ஏனையோர் எவ்வளவு தூரத்தில் நிற்பது? அமெரிக்கத் தொழிற் பாதுகாப்பு விதிகள், அடுத்த தொழிலாளர்கள் வேலை செய்யும் இடம் தறிக்கும் மரத்தின் உயரத்தைப்போல் இருமடங்குக்குக் குறையாத தூரத்தில் இருக்கவேண்டும் என்கின்றன. நமது மரத்துக்கு அது 300 அடி. வேடிக்கை பார்க்க வரும் சிறுவர்களை எவரும் அவ்வளவு தூரத்தில் நிறுத்தி நான் கண்டதில்லை.

இத்தனை விதிகளும் மிகையென்று தோன்றுமாயின் ஒரு கணக்கை நோக்குக. ஐக்கிய அமெரிக்காவின் தொழிற் புள்ளிவிபரப் பணியகத்தின்படி, 2022ஆம் ஆண்டிலே அந்நாட்டுத் தொழிலாளர் யாவரையும் சேர்த்துப் பார்த்தால், 1,00,000 பேருக்கு வேலையில் இறந்தோர் 4 பேருக்கும் குறைவு. காட்டுமரத் தொழிலாளரிடையே அத்தொகை ஏறக்குறைய 100. தலைக்கவசமும் விதிகளும் பயிற்சியும் உள்ள நாட்டின் கணக்கு இது.

நமது வளவிலே நிற்கும் மரங்களின் சங்கதி வேறு. மேலே சொன்ன கணக்கெல்லாம் ஒற்றைத் தண்டாக ஓங்கி வளரும் ஊசியிலை மரத்துக்கு உரியது. புளியும் மாவும் வேம்பும் நாற்புறமும் கொப்பெறிந்து வளர்வன. அவற்றின் நிறை எப்பக்கம் இருக்கிறதென்று கீழே நின்று மதிப்பிடுவது அனுபவசாலிக்கும் கடினம். தென்னையும் பனையுமோ உண்மையில் மரங்களே அல்ல. வெளிப்புறம் வைரமும் உட்புறம் சோறுமாக அமைந்தவை. நடுவிலே ஜாக்கியை வைத்தால் அந்தச் சோற்றினுள் அது அமிழும், ஆப்பும் அவ்வாறே. பிணைச்சலாக விடும் பட்டையிலும் இரு ஓரங்கள்மட்டுமே வலிமையுள்ளவை. எனவே பனை தென்னைகளை உயரத்திற் கயிறு கட்டி இழுத்துச் சாய்க்கும் நம் ஊர் வழக்கம் காரணத்தோடு ஏற்பட்டதே. வீட்டுக் கூரையை ஒட்டி நிற்கும் பெருமரத்தை ஒரே வீழ்ச்சியில் சாய்க்க முனைவதைவிட, ஏறி, கொப்புக் கொப்பாகக் கயிற்றிலே கட்டி இறக்கி, தண்டையும் மேலிருந்து கீழாகத் துண்டு துண்டாகக் குறைப்பதே தக்க வழி. அதற்குக் கூலியும் நாளும் கூடுதலாகும். லொறிக்காரரிடம் இரவல் வாங்கிய ஜாக்கியோடு வந்து, அரை நாளில் முடித்துத் தருகிறேன் என்று ஒருவர் சொல்வாரானால், அவரிடம் ஆப்பு எத்தனை கொண்டுவந்திருக்கிறார் என்று முதலில் கேளுங்கள்.